முதலாளி அனுப்பிய பேராசிரியர்

களத்தில் மனம்: ஒரு வரலாறு – 4

நார்மன் டிரிப்ளெட்டையும் அவருடைய மீன்பிடி ராட்டைகளையும் சென்ற இதழில் பார்த்தோம். இண்டியானா பல்கலைக்கழகத்தில் 40 பிள்ளைகளை ராட்டை சுற்றவிட்டு, தனியாகச் சுற்றும்போது ஒரு வேகம், பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருக்கும்போது ஒரு வேகம் என்று அளந்து 1898ல் கட்டுரை எழுதியவர். பாதிப் பிள்ளைகளுக்குப் போட்டியில் வேகம் கூடியது. கால்வாசிப் பேர் பரபரப்பில் தடுமாறினார்கள். மிச்சப் பேருக்குப் பக்கத்தில் ஆள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இவ்வளவு நல்ல ஒரு நூலைப் பிடித்த மனிதர், அதை அப்படியே விட்டுவிட்டு மந்திரவித்தைக்காரர்கள் பார்வையாளர்களை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ஆராயப் போய்விட்டார். அவருடைய டாக்டர் பட்டம் அதற்குத்தான்.

அடுத்த இருபது வருடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முயற்சிகள் நடந்தன. நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த கூபெர்டின், விளையாட்டின் உளவியலையும் உடலியலையும் பேசுவதற்கென்றே 1913ல் லோசான் நகரில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். 1921ல் நியூயார்க்கில் பேஸ்பால் வீரர் பேப் ரூத்தைக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய், கண்ணும் காதும் கையும் எத்தனை வேகம் என்று கருவிகளால் சோதித்தார்கள். பத்திரிகைக்கு நல்ல தீனி. சோதனை முடிந்ததும் ரூத் தன் ஆட்டத்துக்குத் திரும்பினார், சோதித்தவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

விளையாட்டு வீரரின் மனத்தைப் படிப்பதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்ட முதல் அமெரிக்கர் கோல்மன் கிரிஃபித். அயோவா மாநிலத்தில் 1893ல் பிறந்தவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1920ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வுப் பொருள் உடலின் சமநிலை உணர்வு, அதாவது சுழற்றிவிட்டால் தலை ஏன் சுற்றுகிறது என்பது. அதற்காக அவர் சுழற்றியது எலிகளை. ஆனால் மாணவராக இருந்த 1918லேயே ஃபுட்பால், கூடைப்பந்து ஆட்டக்காரர்களைக் கவனித்துக் குறிப்பெடுக்கத் தொடங்கியிருந்தார். (இந்தக் கட்டுரையில் ஃபுட்பால் என்று வரும் இடமெல்லாம் தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பால்தான்.) 1923ல் உளவியலும் விளையாட்டும் என்றே ஒரு பாடம் நடத்தினார்.

பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர் ஜார்ஜ் ஹஃப் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். ஃபுட்பால் பயிற்றுநர் பாப் சுப்கேயும் கவனித்துக்கொண்டிருந்தார். சுப்கே ஓவியமும் தீட்டுவார். புது யோசனை எதைக் கொண்டுபோனாலும் கதவைச் சாத்தாத ஆள். இவர்கள் இருவரின் ஆதரவில் 1925ல் விளையாட்டு ஆய்வுக்கூடம் திறந்தது. புதிதாகக் கட்டிய உடற்பயிற்சிக் கூடத்துக்குள் இரண்டே அறை. ஓர் அறையில் சோதனைக் கருவிகள். மற்றொன்றில் அந்தக் கருவிகளைச் செய்கிற பட்டறை, கூடவே எலிக் கூண்டுகள்; எலிகளை அவர் கடைசிவரை விடவில்லை. வெளிச்சத்துக்கு எத்தனை விரைவில் கை அசைகிறது, சத்தத்துக்கு எத்தனை விரைவில், தசை சுமையோடு இருக்கும்போது எத்தனை விரைவில், கை எவ்வளவு நடுங்காமல் நிற்கிறது, புது அசைவு ஒன்றை எத்தனை முயற்சியில் கற்றுக்கொள்கிறார்கள் என்றெல்லாம் அங்கே அளந்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குள்ளேயே இருந்ததால் ஆட்டக்காரர்கள் வேர்வையோடு நேரே உள்ளே வந்துவிட முடிந்தது. இடம் பார்த்துக் கொடுத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

அளவைகளை விட எனக்குச் சுவையாகப் படுவது அவர் ஆட்களிடம் பேசிப் பேசிச் சேர்த்த செய்திகள். அதில் ஒன்று ரெட் கிரேஞ்ச் பற்றியது.

1924 அக்டோபர் 18. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நினைவு அரங்க அர்ப்பணிப்பு நாள். எதிரணி மிச்சிகன். ஆட்டம் தொடங்கிய பந்தையே கிரேஞ்ச் பிடித்துக்கொண்டு 95 கெஜம் ஓடிப்போய் எல்லைக்கோட்டைத் தாண்டினார். பிறகு 67 கெஜம், பிறகு 56, பிறகு 44. முதல் 12 நிமிடத்துக்குள் நான்கு முறை. மிச்சிகன் சாதாரண அணி அல்ல, நன்றாகக் கட்டுக்கோப்பாகத் தடுக்கத் தெரிந்த அணி. கடைசியில் 39க்கு 14 என்று தோற்றுப் போனது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இன்றைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற நாள் அது.

அந்த ஆட்டம் முடிந்தபிறகு கிரிஃபித் கிரேஞ்சைப் பிடித்துக் கேட்டார். எந்த இடத்தில் திரும்பினாய், யாரைப் பார்த்து ஒதுங்கினாய், அப்போது என்ன நினைத்தாய்? கிரேஞ்சால் ஒன்றுமே சொல்ல முடியவில்லை. அரங்கம் நிறைய வந்திருந்தவர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஓட்டத்தில் ஓடியவருக்கு மட்டும் ஒரு விவரமும் நினைவில் இல்லை. கிரிஃபித் இதைத் தன் வகுப்பிலும் எழுத்திலும் எடுத்துக்காட்டாக வைத்தார். நன்றாகப் பழகிய உடல் யோசனைக்குக் காத்திருப்பதில்லை, கால் தானாகப் போகிறது, யோசிக்க ஆரம்பித்தால்தான் தடுக்கும் என்பது அவர் கண்டது. இதற்கு இப்போது விதவிதமாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஒரு பயிற்றுநருக்கு இதனால் என்ன பயன் என்பதை அன்றே யோசித்தவர் கிரிஃபித். ஆட்டத்துக்கு நடுவில் ஆட்டக்காரரிடம் ஓயாமல் திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பது கெடுதல் என்று அவர் எழுதியதற்கு இதுதான் அடிப்படை.

இன்னொன்று நூட் ராக்னியின் கடிதம். நாட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் ராக்னி, உணர்ச்சி பொங்கப் பேசி ஆட்டக்காரர்களைக் கொதிக்கவைக்கிறவர் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆட்டத்துக்கு முன்னால் பையன்களை எப்படி உசுப்பேற்றுகிறீர்கள் என்று கிரிஃபித் அவருக்கு எழுதிக் கேட்டார். 1924 டிசம்பரில் பதில் வந்தது. நான் அப்படிச் செய்வதே அபூர்வம், ஆட்டத்தை ஆசைப்பட்டு ஆடுகிற பையன்களாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்கிறேன், அவர்கள் ஆட்டத்தில் மகிழ்ச்சி குறையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் ராக்னி எழுதியிருந்தார். நான்கு வருடம் கழித்து, ஆர்மி அணிக்கு எதிரான ஆட்டத்தில், செத்துப்போன பழைய ஆட்டக்காரர் ஜார்ஜ் கிப் பேரைச் சொல்லி ராக்னி நிகழ்த்திய உருக்கமான உரை அமெரிக்க விளையாட்டுக் கதைகளில் தலையாயதாகி, பிறகு சினிமாவுக்கும் போனது. அபூர்வமாகச் செய்தால்தான் பலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது போலும்.

1926ல் பயிற்றுநர்களுக்கான உளவியல் நூலும், 1928ல் விளையாட்டு வீரர்களின் உளவியல் நூலும் கிரிஃபித் எழுதி வெளியிட்டார். முதல் நூலில் அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களைப் பார்த்தால் மைதானத்தில் நின்று எழுதியவர் என்பது புரியும். கூட்டத்தின் கூச்சலை எப்படிச் சமாளிப்பது, அளவுக்கு மீறிச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும், நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் திடீரென்று சரிந்தால் என்ன செய்வது, ராசி, ராசியின்மை என்கிற நம்பிக்கைகளை எப்படிக் கையாள்வது. அனுபவமுள்ள பயிற்றுநர்களுக்கு உளவியல் ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது என்பது அவருடைய கட்சி. ஆகவே உளவியலாளரின் முதல் வேலை நல்ல பயிற்றுநர்களிடம் போய்க் கற்றுக்கொண்டு, அதை இளம் பயிற்றுநர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆய்வுக்கூடத்து முடிவுகளைக் களத்துக்குக் கொண்டுவருவதும், புதிதாகக் கண்டுபிடிப்பதும் அதற்கப்புறம்.

இதை 1925லேயே எழுதியவர் கிரிஃபித். வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் 13 வருடம் கழித்து அவரே இதை மறந்துவிட்டார்.

பொருளாதார மந்தம் வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பணமுடை. ஃபுட்பால் அணியும் தோற்கத் தொடங்கியிருந்தது. சுப்கேக்குப் பழைய ஆர்வம் இல்லை. 1932ல் ஆய்வுக்கூடத்தை மூடினார்கள். கிரிஃபித் பல்கலைக்கழக நிர்வாகத்துக்குள் போனார்.

ஐந்து வருடம் கழித்து சிகாகோவிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் பிலிப் ரிக்லி. சூயிங்கம் கம்பெனி முதலாளி, 1932ல் அப்பா போனபிறகு கப்ஸ் பேஸ்பால் அணிக்கும் முதலாளி. கம்பெனியில் எதையும் ஆராய்ந்து, அளந்து செய்து பழகியவருக்கு, அணியையும் அப்படி நடத்த முடியாதா என்று தோன்றியது. நல்ல ஆட்டக்காரர் எப்படி உருவாகிறார் என்று அறிவியல் முறையில் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று கிரிஃபித்தைக் கேட்டார். இதே ரிக்லிதான், எதிரணிப் பந்தெறியாளர்களுக்குத் திருஷ்டி போடுவதற்கென்று ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து அரங்கில் உட்காரவைத்தார் என்று, அப்போது கப்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்த பில் வீக் பிற்காலத்தில் தன் சுயசரிதையில் எழுதினார். முதலாளிக்கு இரண்டும் ஒரே கணக்குதான் போலிருக்கிறது.

1938 வசந்தத்தில் கப்ஸ் அணி கலிஃபோர்னியாக் கடலோரம் கேட்டலினா தீவில் பயிற்சிக்குக் கூடியது. தீவே அப்போது ரிக்லி குடும்பத்துக்குச் சொந்தம். கிரிஃபித் தன் உதவியாளர் ஜாக் ஸ்டெரெட்டோடு அங்கே போய் இறங்கினார். கையில் வேகமாகப் படம் பிடிக்கிற சினிமா கேமரா, எதிர்வினை நேரம் அளக்கிற கருவிகள், கட்டுக்கட்டாகக் காகிதம்.

அணியின் மேனேஜர் சார்லி கிரிம். பேஸ்பாலில் மேனேஜர் என்றால் நம் ஊர் அணி மேலாளர் மாதிரி ரயில் டிக்கெட் பார்ப்பவர் அல்ல. யார் ஆட வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்று எல்லாம் தீர்மானிக்கிறவர் அவரே. கிரிம் முன்னாள் ஆட்டக்காரர், பாஞ்சோ வாசிப்பார், சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கிறவர். அவர் கண்ணில் கிரிஃபித் யாராகத் தெரிந்திருப்பார்? முதலாளி அனுப்பிய ஆள். மைதானத்து ஓரத்தில் நின்று ஓயாமல் எழுதுகிறார். எழுதுவது முதலாளிக்குப் போகிறது. என்ன எழுதினார் என்று மேனேஜருக்குத் தெரியாது.

கிரிஃபித் எழுதியதில் விஷயம் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி நிற்பதிலும் காத்திருப்பதிலும் அரட்டையிலும் போகிறது என்று கண்டார். பேட்டிங் பயிற்சிக்கு லேசாகப் பந்தைப் போட்டுக் கொடுக்கிறார்கள், ஆட்டத்தில் அப்படியா வரும் என்று கேட்டார். பந்தெறிபவர் சும்மா கேட்சரைப் பார்த்து எறிந்து பழகாமல், எதிரே ஒரு பேட்டரை நிறுத்தி, பந்து சரியா தப்பா என்று எண்ணிச் சொல்ல ஆள் வைத்து எறிய வேண்டும் என்றார். ஒவ்வொருவரும் எவ்வளவு முன்னேறினார் என்பதைக் கணக்கு வைத்து அவர்களுக்கே காட்டச் சொன்னார். ஆட்டத் திறமை பிறவியிலேயே வர வேண்டும், சொல்லிக்கொடுத்து வராது என்று பழைய ஆட்டக்காரர்கள் பேசுவது அவருக்கு எரிச்சல் ஊட்டியது. திறமை பழக்கத்தால் வருவது, ஆகவே பழக்குகிற முறையை மாற்றினால் திறமையும் மாறும் என்று பக்கம் பக்கமாக எழுதினார். இன்று எந்த நல்ல அகாடமிக்குப் போனாலும், வலைப்பயிற்சியை ஆட்டத்தைப் போல ஆக்கு என்றுதான் முதலில் சொல்வார்கள்.

ஆனால் அதே அறிக்கைகளில் வேறொன்றும் இருந்தது. மேனேஜர் தன்னைக் கேலி செய்கிறார், ஆட்டக்காரர்களை ஒத்துழைக்காதபடி செய்கிறார், புதிதாக எதையும் கற்க அவருக்கு விருப்பமில்லை என்று முதலாளிக்குப் புகார். ஒரு மனிதரிடம் வேலை வாங்கிக்கொண்டே அவரைப்பற்றி மேலே எழுதிப்போட்டால் அவர் எப்படி ஒத்துழைப்பார்? மனத்தை ஆராய்கிறவருக்கு இது தெரியாமல் போனது வேடிக்கை.

ஜூலை 20 அன்று ரிக்லி கிரிம்மை நீக்கிவிட்டு, கேட்சர் கேபி ஹார்ட்னெட்டை மேனேஜராக்கினார். ஹார்ட்னெட்டுக்கு 37 வயது, இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். கிரிஃபித்துக்கு நிலைமை முன்னதைவிட மோசமானது. ஹார்ட்னெட்டுக்கும் அவரைப் பிடிக்கவில்லை, அவருக்கும் ஹார்ட்னெட்டைப் பிடிக்கவில்லை. அறிக்கைகளில் ஹார்ட்னெட்டின் அறிவுத்திறன் பற்றி நல்ல வார்த்தை இல்லை.

அந்த ஹார்ட்னெட் செய்ததைக் கேளுங்கள். மூன்றாம் இடத்தில் கிடந்த அணியை ஏற்றி, செப்டம்பர் கடைசியில் முதலிடத்திலிருந்த பிட்ஸ்பர்க் அணியை எட்டிப்பிடிக்கிற தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். செப்டம்பர் 28 அன்று சிகாகோவில் இரண்டு அணியும் மோதின. ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸில் கப்ஸ் ஆட வந்தபோது 5க்கு 5 சமம். ரிக்லி மைதானத்தில் மின்விளக்கு கிடையாது (1988 வரை கிடையாது). இருட்டிக்கொண்டு வருகிறது. இந்த இன்னிங்ஸோடு ஆட்டம் முடிந்தது என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் அவுட். ஹார்ட்னெட் மட்டையோடு நிற்கிறார். முதல் இரண்டு பந்தும் தப்பிவிட்டன, இன்னொன்று தப்பினால் அவ்வளவுதான். மேஸ் பிரவுன் எறிந்த மூன்றாவது பந்தை ஹார்ட்னெட் அடித்தார். பந்து எங்கே போனது என்று அந்த இருட்டில் பலருக்குத் தெரியவில்லை. வேலியைத் தாண்டி விழுந்திருந்தது. ஹோம் ரன். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட, ஹார்ட்னெட் ஆட்களை விலக்கிக்கொண்டுதான் சுற்றி ஓடி முடித்தார்.

கப்ஸ் நேஷனல் லீக் பட்டத்தை வென்றது. உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸிடம் நான்கு ஆட்டமும் வரிசையாகத் தோற்றது என்பது வேறு விஷயம். பேராசிரியரின் கண்ணில் புத்தி குறைந்தவராகப் பட்ட ஆள் அணியைத் தூக்கி நிறுத்தியதற்கு, அறிக்கைகளில் ஒழுங்கான விளக்கம் கிடைக்கவில்லை. பழைய கிரிஃபித்தாக இருந்தால் ஹார்ட்னெட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டு எழுதியிருப்பார். ராக்னிக்குக் கடிதம் போட்டவர்தானே.

அடுத்த வருடம் வேலை சுருங்கியது. 1940க்குள் முடிந்தே போனது. மொத்தம் 600 பக்கத்துக்கு மேல் அறிக்கைகள் எழுதியிருந்தார். அணி அவற்றில் எதையும் நடைமுறைக்குக் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிற பலரும், பேஸ்பால்காரர்கள் அறிவியலுக்குத் தயாராக இல்லை, கிரிஃபித் காலத்துக்கு முந்திப் பிறந்தவர் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. சுப்கேயும் ராக்னியும் கிரிம்மைவிடக் குறைந்த பிடிவாதக்காரர்கள் அல்ல. இல்லினாயில் பயிற்றுநரே கதவைத் திறந்துவிட்டார், ஆய்வாளர் கேட்கப் போனார். சிகாகோவில் முதலாளி உள்ளே தள்ளினார், ஆய்வாளர் மதிப்பெண் போடப் போனார். ஆளும் ஒன்று, அறிவியலும் ஒன்று. ஆட்டக்காரர் தன் பயத்தை உளவியலாளரிடம் சொல்ல வேண்டுமானால், அது அணித் தேர்வு செய்கிறவர் காதுக்குப் போகாது என்ற உறுதி வேண்டும். இன்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ரகசியம் காப்பதை முதல் விதியாக வைத்திருக்கிறார்கள் என்றால், 1938ல் அந்த விதி எழுதப்பட்டிருக்கவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2024ல் சிங்கப்பூரில் நம் குகேஷ் உலக சதுரங்க சாம்பியன் ஆனபோது அவரோடு வேலை செய்த மனப்பயிற்சியாளர் பாடி அப்டனின் பெயர் செய்திகளில் சாதாரணமாக அடிபட்டது. அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதில், அவர்களாகச் சொன்னது மட்டும்தான் வெளியே வந்தது.

கிரிஃபித்தின் பிற்கால வாழ்க்கையில் ஒரு திருப்பம் உண்டு, சினிமாக் கதையாசிரியர் எழுதினால் நம்ப மாட்டோம். அவர் 1944ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் புரோவோஸ்ட் ஆனார், தலைவருக்கு அடுத்த பதவி. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று சொல்லப்பட்ட கிரெபியோசன் என்ற மருந்தைப்பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவர் ஒருவரே மருந்துக்கு ஆதரவு. தலைவர் ஜார்ஜ் ஸ்டாடர்ட் எதிர்ப்பு. இதுவும் வேறு அரசியலும் சேர்ந்து, 1953 ஜூலையில் அறங்காவலர் குழு ஸ்டாடர்ட் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. அவரோடு கிரிஃபித்தின் பதவியும் போயிற்று. தீர்மானத்தைக் கொண்டுவந்த அறங்காவலர் ஹரால்டு கிரேஞ்ச். ஆம், அதே ரெட் கிரேஞ்ச்.

கிரிஃபித் 1966ல் இறந்தார். 1970ல் இரண்டு ஆய்வாளர்கள் அவரைப்பற்றி ஒரு கட்டுரை எழுதி, சீடர்கள் வாய்க்காத தீர்க்கதரிசி என்றார்கள். அமெரிக்க விளையாட்டு உளவியலின் தந்தை என்ற பட்டம் அதற்குப் பிறகுதான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

கப்ஸ் அணியின் கதையையும் முடித்துவிடலாம். 1945 உலகத் தொடரின்போது ஒரு மதுக்கடைக்காரர் தன் ஆட்டோடு மைதானத்துக்கு வர, ஆட்டை வெளியே அனுப்பினார்கள் என்றும், அவர் விட்ட சாபத்தால்தான் அணி ஜெயிக்கவில்லை என்றும் சிகாகோ மக்கள் பல்லாண்டு நம்பினார்கள். ராசியின்மையைப்பற்றி நூலில் எழுதியவரை வீட்டுக்கு அனுப்பிய ஐந்தாறு வருடத்தில் வந்து சேர்ந்த நம்பிக்கை. 1908க்குப் பிறகு கப்ஸ் உலகத் தொடரை வென்றது 2016ல். அப்போது அந்த நிர்வாகத்தில் மனத்திறன் பயிற்சிக்கென்றே தனிப் பிரிவு இயங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த இதழில் கடல் தாண்டி லெனின்கிராட் போகிறோம். அங்கே புனி என்பவர், டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர்களின் மனத்தில் என்ன மாற்றம் வருகிறது என்று ஆராயத் தொடங்கியிருந்தார். அவரை அனுப்பிய முதலாளி அரசாங்கம்.